52-ஆம் வயதில் திரும்பிய பார்வை: எஸ்.பி. என்பவரின் மறுவாழ்வு குறித்த நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் உல்வர்ஹாம்ப்டன் நகரக் கண் மருத்துவமனையில் 1958 டிசம்பர் 9-ஆம் தேதி, 52 வயது ஆண் ஒருவருக்கு ஒரு கண்ணில் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை நடைபெற்றது. பத்து மாதக் குழந்தையாக இருந்தபோதே கருவிழிகள் மங்கிப் பார்வையை இழந்துவிட்டவர் அவர். 1959 ஜனவரி 1-ஆம் தேதி மற்றொரு கண்ணிலும் அதே சிகிச்சை செய்யப்பட்டது. மருத்துவ நோக்கில் அது வெற்றி. ஆனால் 1960-இல் அவர் இறந்தபோது, அறுவைக்கு முன்பு இருந்த மனிதரைவிடச் சோர்ந்தவராகவும், வெளியுலகிலிருந்து ஒதுங்கியவராகவும், தன் மீதே மதிப்புக் குறைந்தவராகவும் இருந்தார் என்பதைப் பதிவுகள் தெளிவாகக் காட்டுகின்றன. ஆய்வாளர்கள் அவரை எஸ்.பி. என்றே குறித்தனர், இந்தக் கட்டுரையும் அவ்வாறே குறிக்கிறது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உளவியலாளர்களான ரிச்சர்டு கிரிகோரியும் ஜீன் வாலஸும் அவரைச் சோதித்து 1963-இல் வெளியிட்ட அறிக்கை, காட்சிப்புலன் ஆராய்ச்சியில் இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. மூளை எப்படிப் பார்க்கக் கற்கிறது என்ற கேள்விக்காகவே பெரும்பாலோர் அதை வாசிக்கிறார்கள். மறுவாழ்வுத் துறையில் இருப்பவர்களும் அதை வாசிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கண்ணுக்குச் சிகிச்சை கிடைத்து, அந்தக் கண்ணுக்குரிய மனிதருக்குப் பயிற்சி கிடைக்காமல் போனால் என்ன நிகழும் என்பதை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டும் பதிவுகள் அரிது.

அறுவைக்கு முந்தைய நிலை

எஸ்.பி. பர்மிங்ஹாமிலிருந்த பார்வையற்றோர் பள்ளியில் படித்துக் காலணி பழுதுபார்க்கும் தொழிலைக் கற்றவர். அதுவே அவருடைய வாழ்நாள் தொழிலாக இருந்தது. பிரெய்ல் நன்றாக அறிவார். இவற்றோடு, அந்தப் பள்ளியில் மரத்துண்டுகளில் செதுக்கப்பட்ட ஆங்கிலப் பெரிய எழுத்துகளையும் எண்களையும் விரலால் தடவி அறியும் பயிற்சி அவருக்குக் கிடைத்திருந்தது. சிறிய எழுத்துகள் அவ்வாறு கற்பிக்கப்படவில்லை. இந்தச் சிறு விவரம் பின்னால் பெரும் முக்கியத்துவம் பெற்றது.

முற்றிலும் இருளில் வாழ்ந்தவர் என்று அவரைச் சொல்ல முடியாது. வெளிச்சத்தை உணர்ந்தார், கறுப்பு, வெள்ளை, சிவப்பு ஆகிய நிறங்களை ஓரளவு அறிந்திருந்தார். பிறந்ததிலிருந்து முதல் பத்து மாதங்கள் பார்வை இருந்ததும் கணக்கில் கொள்ளத்தக்கது. ஆகவே பிறவியிலேயே பார்வையற்றவர்களுக்கு இவருடைய அனுபவத்தை அப்படியே பொருத்திவிடக் கூடாது.

அவருடைய அன்றாட வாழ்க்கையைப் பற்றிய செய்திகளே மறுவாழ்வு நோக்கில் மிகவும் மதிப்புள்ளவை. வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் கைக்கருவிகளோடு பொருள்கள் செய்வது அவருக்குப் பிடித்த வேலை. நண்பர் ஒருவர் தம் தோளைப் பற்றிக்கொள்ளச் செய்து வழிகாட்ட, இவர் தனிச் சைக்கிளில் நெடுந்தூரம் போய்வருவார். வெண்கோல் இல்லாமலே நடந்து, அதனால் சில நேரம் இடித்துக்கொண்டும், தயங்காமல் சாலையைக் கடப்பார். மைத்துனரின் காரைக் கழுவும்போது அதன் மீது கைகளை ஓட்டி, முழு வடிவம் எப்படி இருக்கும் என்று மனத்தில் வரைந்துபார்ப்பார். அக்கம்பக்கத்தினர் அவரை ஆற்றல் மிக்க மனிதராக மதித்தனர். இவற்றை வெறும் ஆர்வங்களாக நான் பார்க்கவில்லை. இன்றைய மறுவாழ்வு மையம் ஒன்று ஒருவரை மாதக்கணக்கில் பயிற்றுவித்து எட்டச் செய்ய முயலும் தன்னுரிமையையும் தன்மதிப்பையும் அவர் தாமாகவே ஈட்டியிருந்தார். அறுவை மேசையில் படுத்தவர் மறுவாழ்வு தேவைப்பட்டவராக அன்று இருக்கவில்லை. அந்தத் தேவை அறுவைக்குப் பின்புதான் உருவானது.

கட்டு அவிழ்ந்த பின்

கட்டு அவிழ்க்கப்பட்டபோது அறுவை மருத்துவரின் குரல் கேட்ட திசையில் எஸ்.பி. திரும்பினார். அவர் கண்டது ஒரு மங்கலான கலவையை. குரல் அங்கிருந்து வந்தது என்பதாலும், குரல் முகத்திலிருந்து வருவது என்பதைத் தாம் அறிந்திருந்ததாலுமே அது முகமாக இருக்க வேண்டும் என்று ஊகித்ததாகப் பின்னர் சொன்னார். முகங்கள் அவருக்குக் கடைசிவரை எளிதாகவில்லை. முகத்தைப் பார்த்து ஆளை அறிவதும், முகக்குறிப்பைப் படிப்பதும் பிறவியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கற்றதாகவே தோன்றாத திறன்கள். அவற்றை ஐம்பது வயதுக்குமேல் முதலிலிருந்து கட்ட வேண்டியிருந்தது.

செய்தித்தாள் ஒன்றின் மூலம் இந்தச் சிகிச்சையை அறிந்த கிரிகோரியும் வாலஸும், முதல் அறுவை நடந்து 48 நாட்கள் ஆன பிறகு அவரைச் சந்தித்தனர். மருத்துவமனை நடைகூடத்தில் அவர் சுவரைத் தடவாமல் நடந்தார்; கதவைத் தொட்டறியாமல் அதன் வழியே நுழைந்தார். பார்த்த மாத்திரத்தில் சாதாரணப் பார்வையுள்ளவர் என்றே எவரும் எண்ணியிருப்பார்கள். அவர் உட்கார்ந்த பிறகுதான் வேறுபாடு வெளிப்பட்டது. அறையைச் சுற்றிக் கண்ணை ஓட்டவில்லை. ஒரு பொருளைச் சுட்டிக்காட்டிக் கேட்டால் உற்றுப் பார்ப்பார். கேட்காவிட்டால் கண்ணுக்கெதிரே இருப்பவற்றை அவர் பொருட்படுத்தவே இல்லை. கண்கள் திறந்திருந்தன, ஒளி விழித்திரைக்குச் சென்றது, ஆனால் பார்வையைக் கொண்டு சூழலைத் துழாவும் பழக்கம் அவரிடம் இல்லை. இன்று குறைபார்வைப் பயிற்சியாளர்கள் முதல் சில அமர்வுகளிலேயே கற்பிக்கும் திறன் இது: இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்று ஒழுங்காகக் கண்ணை நகர்த்தித் தேடுதல், தேடியதைக் கண்டதும் நிறுத்துதல், விட்ட இடத்திலிருந்து தொடர்தல். எஸ்.பி.க்கு இதைச் சொல்லிக்கொடுத்ததாக அறிக்கையில் எதையும் காண முடியவில்லை.

அவருக்கு எளிதாக இருந்தவையும் கடினமாக இருந்தவையும் முதலில் குழப்பம் தரும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து உடனே மணி சொன்னார். கண்ணாடி மூடியில்லாத பெரிய சட்டைப்பைக் கடிகாரம் ஒன்றின் முள்களைத் தொட்டு நேரம் அறியும் வழக்கம் அவருக்கு நெடுங்காலமாக இருந்தது. அந்த அறிவு கண்ணுக்கு அப்படியே மாறியது. பெரிய எழுத்துகளையும் எண்களையும் படித்தார். தடவிக் கற்றிராத சிறிய எழுத்துகளைப் படிக்க இயலவில்லை. நிறக்குருடைக் கண்டறியப் புள்ளிகளுக்கிடையே எண்களை மறைத்து அச்சிடும் இஷிஹாரா அட்டைகளில் எல்லா எண்களையும் சரியாகச் சொன்னார். ஆனால் தாளில் கோடுகளால் வரைந்த கனசதுரம் அவருக்குத் தட்டையாகவே தெரிந்தது. நமக்கெல்லாம் முன்னும் பின்னுமாக மாறி மாறித் தோன்றும் அந்த உருவம் அவருக்கு ஒருபோதும் மாறவில்லை. நம்மை ஏமாற்றும் பல கோட்டு மாயத்தோற்றங்கள் அவரைக் குறைவாகவே ஏமாற்றின.

தொலைவு பற்றிய தீர்ப்பில் இந்தப் பிளவு ஆபத்தாகவே மாறியிருக்கக்கூடும். தாம் நடந்தும் தொட்டும் அறிந்த அறைக்குள் நாற்காலி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைச் சரியாகச் சொன்னவர், தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு மீட்டர் உயரத்திலிருந்த மருத்துவமனைச் சன்னலிலிருந்து கீழே பார்த்தபோது, கைகளால் தொங்கியபடி தரையைத் தொட்டுவிடலாம் என்று நினைத்தார். கைக்கோ காலுக்கோ என்றும் எட்டாதிருந்த வெளியை அளக்க அவரிடம் அளவுகோல் எதுவும் இல்லை. அறுவைக்குப் பிந்தைய முதல் வாரங்களில் உயரமான இடங்களில் இத்தகைய நோயாளியைத் தனியே விடக் கூடாது என்பதை இந்த ஒரு குறிப்பே போதுமான அளவு எச்சரிக்கிறது.

பேருந்தை வரையச் சொன்னபோது அவர் வரைந்த படங்களும் இதையே காட்டின. முதல் படத்தில் சக்கரங்களுக்கு ஆரக்கால்கள் இருந்தன. அவர் கைகளால் அறிந்த பழைய சக்கரங்களுக்கு ஆரக்கால்கள் இருந்ததே காரணம். ஏறி இறங்கும் பகுதியும் சன்னல்களும் இருந்தன. கைகளால் தடவி அறிய வாய்ப்பில்லாத வண்டியின் முன்பகுதி இல்லை. மாதங்கள் கழித்து வரைந்த படங்களில் ஆரக்கால்கள் மறைந்து, வண்டியின் மேல் எழுதப்பட்ட எழுத்துகள்கூட இடம்பெற்றன. முன்பகுதி மட்டும் அப்போதும் விடுபட்டே இருந்தது.

லேத் இயந்திரம்

இந்நிகழ்வில் மறுவாழ்வுக்கு ஒரு திறவுகோல் உண்டென்றால் அது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் நடந்ததுதான். கருவிகளில் எஸ்.பி.க்கு இருந்த ஈடுபாட்டை அறிந்த ஆய்வாளர்கள், அங்கே கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்டிருந்த, திருகுமரை வெட்டும் பழைய மாட்ஸ்லே லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) ஒன்றின் முன் அவரை நிறுத்தினர். எளியதொரு லேத்தையேனும் இயக்கிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பேழை மூடியிருந்தபோது அவரால் அருகிலிருந்த கைப்பிடியைத் தவிர வேறு எதையும் இனங்காண முடியவில்லை. அவர் எரிச்சலுற்றார். பின்னர் பேழை திறக்கப்பட்டது. அவர் கண்களை இறுக மூடிக்கொண்டு இயந்திரத்தின் மீது கைகளை ஆர்வத்தோடு ஓட்டினார். சற்றுப் பின்வாங்கி நின்று, கண்களைத் திறந்து, தொட்டுப் பார்த்துவிட்டதால் இப்போது தமக்கு அது தெரிகிறது என்று சொன்னார். அதன் பிறகு உறுப்புகளைப் பெயர் சொல்லி, அவை எப்படி இயங்குகின்றன என்பதையும் விளக்கினார்.

ஒளி மாறவில்லை; கண்ணும் மாறவில்லை. இடையில் நிகழ்ந்தது தொடுதல் மட்டுமே. ஐம்பதாண்டுக் காலத் தொடு அறிவே அவருடைய பார்வைக்கு இலக்கணமாக இருந்தது. இதற்கு 230 ஆண்டுகளுக்கு முன்பே இதே போன்ற ஒன்று பதிவாகியிருக்கிறது. 1728-இல் லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் செசல்டன், கண்புரை நீக்கப்பட்ட சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். பூனை எது, நாய் எது என்று அடிக்கடி மறந்துவிட்ட அவன், கேட்க வெட்கப்பட்டு, பூனையைப் பிடித்துத் தடவி அறிந்து, அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இனி உன்னை அடையாளம் கண்டுகொள்வேன் என்று அதனிடம் சொல்லி இறக்கிவிட்டானாம். யாரும் கற்பிக்காமலேயே அந்தச் சிறுவன் தனக்கான பயிற்சி முறையைக் கண்டுபிடித்திருந்தான். செசல்டனின் குறிப்பைப் படித்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் எஸ்.பி.க்கு அது ஒரு பயிற்சித் திட்டமாகக் கிடைக்கவில்லை.

ஒருமுறை அருங்காட்சியகத்தில் நிகழ்ந்தது நாள்தோறும் அவருடைய சமையலறையிலும் கொட்டகையிலும் தெருவிலும் நிகழ்ந்திருக்க வேண்டும். பயிற்சியாளர் ஒருவர் உடனிருந்து, முதலில் தொடச் செய்து, பிறகு பார்க்கச் செய்து, பிறகு கண்ணை மூடி மீண்டும் தொட்டுச் சரிபார்க்கச் செய்து, தொலைவைச் சிறிது சிறிதாகக் கூட்டி, இறுதியில் தொடாமலே இனங்காணும் நிலைக்கு அழைத்துச் சென்றிருந்தால் எவ்வளவு தூரம் போயிருப்பார் என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது. லேத் முன் நின்ற சில நிமிடங்களில் அவர் சென்ற தூரம் மட்டும் நமக்குத் தெரியும்.

சாலை

பார்வையில்லாதபோது துணிவோடு சாலையைக் கடந்தவர், பார்வை வந்த பிறகு லண்டன் சாலையோரத்தில் நடுங்கி நின்றார். கிரிகோரியும் வாலஸும் இருபுறமும் கைகளைப் பற்றி அவரை அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. கோழைத்தனம் என்று இதை எண்ணுவது பெரும் பிழையாகும். முன்பு அவர் போக்குவரத்தைக் காதால் அறிந்தார்: இரைச்சல் நெருங்குகிறதா, விலகுகிறதா, இடைவெளி இருக்கிறதா என்ற தீர்ப்பு அவருக்கு ஐம்பதாண்டுப் பழக்கம். இப்போது காதுக்குப் பழகிய உலகின் மீது கண் ஒரு புதிய வெள்ளத்தைக் கொட்டியது. பெரிதாகிக்கொண்டே வரும் உருவம் எவ்வளவு விரைவில் தம்மை எட்டும் என்று கணிக்கும் திறன் அவருக்கு இல்லை. நம்பகமான புலனையும் நம்பத்தகாத புலனையும் ஒரே நேரத்தில் கேட்க நேர்ந்தபோது, நம்பத்தகாததே உரத்துப் பேசியது.

நடமாட்டப் பயிற்சியில் இதற்கு நேரடியான வழி உண்டு. எஞ்சிய பார்வை உள்ளவர்களைக்கூடப் பயிற்சியின் ஒரு பகுதியில் கண்களை மறைத்து நடக்கச் செய்வது பல மையங்களில் வழக்கம். வெண்கோலின் நுனியிலும் காதிலும் கிடைக்கும் செய்தியை முதலில் உறுதியாக்கிவிட்டு, அதன் பிறகு பார்வையை அவற்றோடு சேர்ப்பதே அதன் நோக்கம். எஸ்.பி.யிடம் கேட்கும் புலன் ஏற்கெனவே உறுதியாக இருந்தது. அதை விட்டுவிடாமல் காத்து, அமைதியான தெருவில், பகல் வெளிச்சத்தில், ஒரே திசையில் வரும் வண்டிகளைக் கொண்டு பார்வையையும் ஒலியையும் இணைக்கப் பழக்கியிருக்கலாம். மாறாக, உலகின் மிக நெரிசலான நகரங்களுள் ஒன்றின் சாலையே அவருடைய பயிற்சிக் களமாயிற்று.

வீடு திரும்பிய பின்

தொடக்கத்தில் மகிழ்ச்சி இருந்தது. விடியற்காலையில் எழுந்து சன்னலில் நின்று கார்களையும் லாரிகளையும் பார்த்துக்கொண்டிருப்பார். பிறை நிலாவைக் கண்டு அது என்னவென்று கேட்டார். கால் நிலா என்றதும், வெட்டியெடுத்த கேக் துண்டுபோல இருக்கும் என்றல்லவா நினைத்தேன் என்று வியந்தார். முகம் பார்க்கும் கண்ணாடிகள் அவரை மிகவும் ஈர்த்தன. வழக்கமாகச் செல்லும் மதுக்கூடத்தில் கண்ணாடிக்கு எதிரே நெடுநேரம் அமர்ந்திருப்பார். பளிச்சென்ற நிறங்களை விரும்பினார்.

பிறகு உலகம் மங்கலாகவும் அழுக்காகவும் இருப்பதாகச் சொல்லத் தொடங்கினார். உரிந்துபோன சுவர்ப்பூச்சும் பொருள்களின் கறைகளும் அவரை வருத்தின. வெளிச்சம் குறையும் நேரத்தில் அவருடைய மனமும் சோர்ந்தது. மாலை வேளைகளில் விளக்கை ஏற்றாமல் இருளிலேயே உட்கார்ந்திருக்கும் வழக்கம் வந்தது. சொற்களைப் பார்த்துப் படிப்பதில் மிகக் குறைந்த முன்னேற்றமே ஏற்பட்டது, பிரெய்லையே தொடர்ந்தார். சுறுசுறுப்பான பழைய வாழ்க்கையைச் சிறிது சிறிதாகக் கைவிட்டார்.

இந்தச் சரிவின் காரணத்தைக் கிரிகோரியும் வாலஸும் கூர்மையாகக் கண்டுணர்ந்தனர். பார்வையற்றவராக இருந்தபோது அவர் செய்தவை பிறரை வியக்கவைத்தன. பார்வையுள்ளவராக எண்ணப்பட்டதும் அதே செயல்கள் அற்பமாயின. வெண்கோல் இல்லாமல் சாலையைக் கடந்த பார்வையற்றவருக்குக் கிடைத்த மதிப்பு, தடுமாறி நடக்கும் பார்வையுள்ளவருக்குக் கிடைக்கவில்லை. அக்கம்பக்கத்தினரில் சிலர் கேலி செய்தனர். அவருக்கும், தம் வாழ்வில் எவ்வளவு இழந்திருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

1961-இல் அமெரிக்கக் கத்தோலிக்கக் குருவும் மறுவாழ்வுத் துறையின் முன்னோடியுமான தாமஸ் கேரல், வளர்ந்த பிறகு பார்வையிழப்பவர் சந்திக்கும் இழப்புகளை இருபதாகப் பிரித்து விளக்கினார். உடல் முழுமை, பிற புலன்கள் மீதான நம்பிக்கை, நடமாட்டம், தொழில், சமூகத்தில் தமக்குரிய இடம், தன்மதிப்பு என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. எஸ்.பி.யின் கடைசி மாதங்களை அதனருகே வைத்துப் பார்க்கும்போது எனக்கு வியப்பே ஏற்பட்டது: பார்வையை இழந்தவருக்காக எழுதப்பட்ட இழப்புகளில் பல, பார்வையைப் பெற்ற இவருக்கும் நேர்ந்திருக்கின்றன. கேட்கும் புலன் மீதான உறுதி போயிற்று. நடமாட்டச் சுதந்திரம் போயிற்று. ஊரில் இருந்த இடம் போயிற்று. அவருடைய துயரத்தை நன்றியின்மை என்று ஒருவரும் எண்ணிவிடக் கூடாது. அது துக்கம், துக்கத்துக்குரிய ஆதரவு அதற்கு வேண்டும்.

அக்காலத்தில் இருந்த அறிவு

இந்த அறிவெல்லாம் பிற்காலத்தது என்று கூறி ஒதுக்கிவிட முடியாது. முதல் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்களுக்காக ஆர்தர் பியர்சன் 1915-இல் லண்டனில் தொடங்கிய செயிண்ட் டன்ஸ்டன்ஸ் நிலையம் தொழிற்பயிற்சி, பிரெய்ல், விளையாட்டு, மன உறுதி ஆகியவற்றை ஒன்றாக இணைத்து நடத்திவந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் வேலி ஃபோர்ஜ் ராணுவ மருத்துவமனையில் ரிச்சர்டு ஹூவர் நீண்ட வெண்கோலையும் அதைக் கையாளும் முறையையும் வகுத்தார்: முன்வைக்கும் காலுக்கு எதிர்ப்புறத்தில் கோலின் நுனி தரையைத் தொட, தோளகலத்துக்குச் சற்றே கூடுதலான வளைவில் அது மாறி மாறி வீசப்படும். 1948-இல் இல்லினாய் மாநிலத்தின் ஹைன்ஸில் தொடங்கிய முன்னாள் படைவீரர் மறுவாழ்வு மையம், போரில் பார்வையிழந்த ரஸல் வில்லியம்ஸின் தலைமையில், ஒரு பயிற்சியாளர் ஒரே ஒருவருக்குத் தொடர்ந்து கற்பிக்கும் முறையை நிலைநாட்டியது.

ஆகவே 1959-இல் பயிற்றுவிக்கும் கலை இருந்தது. அந்தக் கலை ஒரே திசைக்காக, பார்வையிலிருந்து பார்வையின்மைக்குப் போகும் மனிதருக்காக மட்டுமே அமைக்கப்பட்டிருந்தது. எதிர்த்திசையில் வருபவருக்கு அறுவை மருத்துவரே எல்லாவற்றையும் தந்துவிட்டார் என்று எல்லோரும் எண்ணினர். இந்த எண்ணத்தில் யாருடைய அலட்சியமும் இல்லை. கண் தெரிந்தால் வாழ்க்கை தானாகவே சரியாகிவிடும் என்று நம்புவது மனித இயல்பு. அந்த நம்பிக்கையின் விலையை எஸ்.பி. கொடுத்தார்.

பிற்கால நிகழ்வுகளோடு ஒப்பீடு

தொட்டறிந்ததைக் கண்ணால் உடனே இனங்காண முடியுமா என்ற கேள்வியை 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அயர்லாந்தின் வில்லியம் மாலினோ தத்துவ அறிஞர் ஜான் லாக்கிடம் எழுப்பினார். பவன் சின்ஹா தலைமையில் டெல்லியில் நடந்துவரும் பிரகாஷ் திட்டத்தின் ஆய்வாளர்கள் 2011-இல் அதற்கு நேரடிச் சான்று தந்தனர். பார்வையின்றிப் பிறந்து, அறுவையால் பார்வை பெற்ற, 8 முதல் 17 வயது வரையிலான ஐந்து பேரை அறுவை நடந்த 48 மணி நேரத்துக்குள் சோதித்தனர். தொட்ட பொருளைக் கண்ணால் தேர்ந்தெடுப்பதில் அவர்களுடைய விடை ஊகத்தைவிடச் சிறிதே மேலானதாக இருந்தது. சில நாட்களுக்குப் பின் மீண்டும் சோதித்தபோது அந்தத் திறன் வெகுவாக உயர்ந்திருந்தது.

எஸ்.பி.யின் பெரிய எழுத்து வாசிப்போடு இதை எவ்வாறு பொருத்துவது? அவரைச் சோதித்தது 48-ஆம் நாளில். இணைப்பு பிறவியிலேயே ஆயத்தமாக இல்லாவிட்டாலும், அனுபவம் கிடைத்ததும் வெகு விரைவில் உருவாகிறது என்று கொண்டால் இரண்டும் ஒத்துப்போகின்றன. அறுவைக்குப் பின்வரும் முதல் வாரங்கள் புண் ஆறுவதற்காக மட்டும் ஒதுக்கப்படும் காலமாக இருப்பது எவ்வளவு பெரிய வாய்ப்பை வீணாக்குகிறது என்பதை இதிலிருந்து அறியலாம்.

அதே திட்டத்தில், பிறவியிலேயே கண்வில்லை இல்லாமல் பிறந்து 29-ஆம் வயதில் மூக்குக்கண்ணாடியால் பார்வை பெற்ற ஒருவரின் நிகழ்வும் இங்கே பயன்படும். ஒன்றன்மேல் ஒன்று படிந்த வடிவங்களை அவரால் தனித்தனியே பிரித்தறிய முடியவில்லை. அவற்றுள் ஒன்று அசைந்தால் உடனே பிரித்தறிந்தார். 18 மாதங்கள் சென்றபின் அசையாத வடிவங்களையும் அவரால் பிரித்தறிய முடிந்தது. பயிற்சியில் அசைவைக் கருவியாக்கலாம் என்பதையும், முன்னேற்றத்தை வாரங்களில் அளந்து கைவிட்டுவிடக் கூடாது என்பதையும் இது காட்டுகிறது.

அமெரிக்கரான மைக் மேயின் நிகழ்வு வேறொரு கோணத்தைத் தருகிறது. மூன்று வயதில் வேதிப்பொருள் வெடிப்பில் பார்வையிழந்த அவர், பார்வையற்றவராகவே பனிச்சறுக்கில் 1984 குளிர்காலப் பாராலிம்பிக் பதக்கங்களை வென்றவர், தொழில் முனைவோர். 2000-இல், 46 வயதில், தண்டு உயிரணு (ஸ்டெம் செல்) மாற்றும் கருவிழி மாற்றும் செய்யப்பட்டு ஒரு கண்ணில் பார்வை பெற்றார். அசைவும் நிறமும் எளிதாக வந்தன. முகங்களும் முப்பரிமாண வடிவங்களும் பத்தாண்டுகளுக்குப் பின் நடந்த சோதனையிலும் மேம்படவில்லை. காட்சித்திறனில் எஸ்.பி.யின் குறைகளுக்கு இணையான குறைகள் அவருக்கும் இருந்தன. ஆனால் அவர் வழிகாட்டி நாயையும் வெண்கோலையும் கைவிடவில்லை. கடினமான சறுக்குப் பாதைகளில் தொடக்கத்தில் கண்களை மூடிக்கொண்டார். கிடைத்த பார்வையைத் தம் பழைய திறன்களுக்குத் துணையாகவே வைத்துக்கொண்டார். பார்வையுள்ளவராக மாறியே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை அவர் தமக்கு விதித்துக்கொள்ளவில்லை. இருவருக்கும் இடையிலான இந்த வேறுபாட்டை இரண்டு தனி மனிதர்களை வைத்துச் சட்டமாக்கிவிட முடியாது. வசதி, காலம், குணம் எல்லாம் வேறு. ஆயினும் மறுவாழ்வுத் திட்டம் வகுப்பவர் இதைக் கவனிக்காமல் கடந்து செல்வதும் சரியாகாது.

திட்டமாக வகுத்தால்

இத்தகைய நோயாளிக்கான திட்டம் அறுவைக்கு முன்பே தொடங்க வேண்டும். அவர் எதையெல்லாம் தொட்டு அறிந்திருக்கிறார், எந்த எழுத்துகள் தெரியும், எந்த வழிகளில் தனியே நடக்கிறார், எந்தக் கருவிகளைக் கையாள்கிறார், வீட்டில் எந்தப் பொறுப்புகளை ஏற்றிருக்கிறார் என்பவற்றைப் பயிற்சியாளர் அறுவைக்கு முன் பதிவு செய்தால், அறுவைக்குப் பின் பார்வையை எந்த வாசல்களின் வழியே அழைத்துச் செல்வது என்பது அந்தப் பதிவிலேயே இருக்கும். எஸ்.பி.யின் பதிவில் முதலில் நின்றிருக்க வேண்டியவை காலணித் தொழிற்கருவிகள், கொட்டகைக் கருவிகள், கடிகாரம், மரத்துண்டு எழுத்துகள், கார். சிறிய எழுத்துகளையும் அதே மரத்துண்டு முறையில் தடவக் கொடுத்து, பிறகு அவற்றையே கண்ணால் பார்க்கச் செய்திருக்கலாம்.

பிரெய்லும் வெண்கோலும் அறுவையன்று முடிவுக்கு வரும் என்று எவரும் சொல்லக் கூடாது. அவற்றைத் தொடர்வது தோல்வியின் அடையாளம் என்று குடும்பத்தினர் நினைப்பது இயல்பாகையால், இதைக் குடும்பத்தினரை உட்காரவைத்தே விளக்க வேண்டும். முகம் தெரியாமல் திகைக்கும்போது குரல் கொடுத்து உதவவும், படிக்கத் திணறும்போது சிரிக்காமல் இருக்கவும், பார்த்துச் செய் என்று அவசரப்படுத்தாமல் இருக்கவும் உறவினருக்கும் பயிற்சி தேவை. எஸ்.பி.யைத் துன்புறுத்தியவற்றில் அக்கம்பக்கத்தினரின் பேச்சும் ஒன்று என்பதை மறக்கக் கூடாது.

வெளிச்சத்தையும் திட்டத்தின் பகுதியாக்க வேண்டும். மாலையில் ஒளி குறையும்போது அவருக்கு ஏற்பட்ட சோர்வு, பொருளுக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி மாறுபாடு குறைந்ததோடும் தொடர்புடையதாக இருந்திருக்கலாம். வேலை மேசைக்குத் தனி விளக்கு, படிகளின் விளிம்பில் அடர்நிறப் பட்டை, வெள்ளைத் தட்டுக்கு அடியில் கறுப்புத் துணி என்று அதிகச் செலவில்லாமல் செய்யக்கூடியவை பல. எஸ்.பி.க்குப் பிடித்த பளிச்சென்ற நிறங்களைக் கொண்டே அவருடைய கொட்டகையில் கருவிகளின் கைப்பிடிகளுக்கு வண்ணம் தீட்டியிருக்க முடியும்.

மனநலக் கண்காணிப்பு முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். மகிழ்ச்சியான முதல் வாரங்களைக் கண்டு அதை ஒத்திப்போடுவது தவறு, ஏனெனில் இந்த நிகழ்வில் சரிவு அந்த மகிழ்ச்சிக்குப் பின்னரே வந்தது. தூக்கம், பசி, வெளியே செல்லும் பழக்கம், விட்டுவிட்ட வேலைகள் ஆகியவற்றை மாதந்தோறும் கேட்டறிந்தால் விளக்கேற்றாத மாலைகள் ஒருவர் கண்ணிலாவது பட்டிருக்கும். கண்காணிப்பு எவ்வளவு காலம் என்பதற்கு, டெல்லி நிகழ்வின் 18 மாதங்களைக் குறைந்தபட்ச அளவாகக் கொள்ளலாம் என்பது என் கருத்து.

அறுவைக்கு ஒப்புதல் பெறும்போது தொற்று, ஒட்டுத் திசு ஏற்கப்படாமை போன்ற மருத்துவ அபாயங்களை மட்டும் விளக்குவது போதாது. முகங்கள் நீண்ட காலத்துக்கு, ஒருவேளை எப்போதுமே, எளிதில் புரியாமல் இருக்கலாம்; படிப்பது வராமல் போகலாம்; சாலையில் முன்பைவிட அச்சம் தோன்றலாம்; பிறர் உங்களிடம் எதிர்பார்ப்பது ஒரே இரவில் மாறிவிடும்; வருத்தம் வந்தால் அது உங்கள் குற்றமன்று, அதற்கு உதவி உண்டு, உதவிக்கு அணுக வேண்டியவர் இன்னார் என்பவற்றையும் நோயாளியின் மொழியில் அவருக்குச் சொல்லி, அவர் கேட்கும் கேள்விகளுக்கு விடையளித்து, அதன் பிறகே கையொப்பம் பெற வேண்டும்.